பழைய ஈகோ, ஆம்னி வாங்கி கேம்பர் வேனாக மாற்றலாமா? ஆர்சி புக் முதல் ராத்திரி தூக்கம் வரை தெரிஞ்சுக்க வேண்டியவை

மலை உச்சியில் ஒரு வெள்ளை ஈகோ. பின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே மெத்தை, மஞ்சள் விளக்கு, கையில் டீ. இப்படி ஒரு ரீல்ஸ் பார்த்ததும் ‘நாமும் ஒரு பழைய வேன் வாங்கி இப்படிப் பண்ணிடலாமே’ என்று தோன்றாதவர்கள் குறைவு. ஓட்டல் ரூம் வாடகை மிச்சம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம், குழந்தைகளுக்கும் குஷி.

ஆனால் அந்த ரீல்ஸில் வராத கேள்விகள் சில இருக்கின்றன. சீட்டைக் கழற்றினால் சட்டப்படி சரியா? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? கண்ணாடியை மூடிக்கொண்டு உள்ளே தூங்கினால் என்ன ஆகும்? வண்டி வாங்கிய பிறகு இதையெல்லாம் யோசிப்பதைவிட, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் எல்லாரும் ஆம்னி, ஈகோ பின்னாடியே போறாங்க?

சின்ன அளவில் கேம்பர் வேன் என்றால் நம்ம ஊரில் இந்த இரண்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். காரணம் எளிது. டப்பா மாதிரி நேரான உடம்பு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு, மேலே தூக்கித் திறக்கும் பின் கதவு. எந்த ஊரில் நின்றாலும் பக்கத்தில் ஒரு மெக்கானிக்குக்கு இந்த இன்ஜின் தெரிந்திருக்கும். சுற்றுலா போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

மாருதி வேன் 1984-ல் வந்தது. பிறகு ஆம்னி ஆனது. 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 2019-ல் உற்பத்தி நின்றுவிட்டது. அதாவது, இன்று கிடைக்கும் மிக இளைய ஆம்னிக்கே வயது ஏறிவிட்டது. விலை குறைவுதான், பராமரிப்பும் குறைவுதான். ஆனால் இதில் ஏர்பேக் கிடையாது, முன்னால் பானெட் கிடையாது. நேருக்கு நேர் மோதினால் முதலில் அடிபடுவது ஓட்டுபவரின் கால். பக்கத்து ஊர் வரை போய்வர ஓகே. நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே 400 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு ஆம்னியைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

ஈகோ 2010-ல் வந்தது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர். ஆம்னியைவிட நீளம், உயரம், இழுவை எல்லாமே கூடுதல். டிரைவர் ஏர்பேக், ஏபிஎஸ் இரண்டும் உள்ள வண்டியாகத் தேடுங்கள். 2019-க்கு முந்தைய வண்டிகளில் இவை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு வேன்களிலும் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். கோடையில் மதியம் ஓட்டினால் சீட்டுக்குக் கீழே சூடு தெரியும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் கூடுதல் பேட்டரி, கேஸ் கேன் எதையும் வைக்கக் கூடாது என்பதை இப்போதே மனசில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விலைக் கணக்கும் போட்டுவிடுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஈகோவும் அந்த வரம்புக்குள் வருகிறது. புது வண்டி விலை இறங்கியதால், ‘மூணு வருஷ ஈகோ, கண்டிஷன் சூப்பர்’ என்று புரோக்கர் சொல்லும் விலைக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஷோரூமில் ஒரு ஆன்-ரோடு கொட்டேஷன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

முதலில் பேப்பர், அப்புறம்தான் வண்டி

பழைய வேன் வாங்கும்போது பெரும்பாலோர் இன்ஜின் சத்தத்தைத்தான் கேட்பார்கள். கேம்பருக்கு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது ஆர்சி. அதில் ஐந்து விஷயம்: வாகன வகை, சீட் எண்ணிக்கை, எரிபொருள், பதிவு செல்லுபடியாகும் தேதி, கடன் குறிப்பு.

வாகன வகைதான் பெரிய பொறி. ஈகோ கார்கோ என்பது சரக்கு வண்டி, மஞ்சள் போர்டு. பின்னால் சீட்டே இல்லாமல் காலியாக இருப்பதால் ‘கேம்பருக்கு இதுதான் பெஸ்ட்’ என்று விற்பார்கள். சரக்கு வண்டியின் பின்பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு டூர் போவது சட்டப்படி தப்பு. அதேபோல ஆம்புலன்ஸாக ஓடிய வேன், ஸ்கூல் வேனாக ஓடிய வேன் எல்லாம் பெயின்ட் அடித்துச் சந்தைக்கு வருகின்றன. உங்களுக்குத் தேவை வெள்ளை போர்டு, பயணிகள் ரகம்.

தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. 2012-ல் பதிவான வேன் என்றால் 2027-ல் ஆர்சி முடியும். பிறகு எப்சி பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரலில் கார் வகைக்கான புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேல் பசுமை வரி, எப்சி-க்கு முன் செய்ய வேண்டிய டிங்கரிங், பெயின்டிங் செலவு. ‘ஒண்ணரை லட்சத்துக்கு ஆம்னி’ என்று சந்தோஷப்படும் முன் இதையும் கூட்டிப் பாருங்கள்.

எரிபொருள் இடத்தில் ‘பெட்ரோல்’ என்று மட்டும் இருந்து, வண்டியில் கேஸ் கிட் மாட்டியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். கம்பெனி சிஎன்ஜி என்றால் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் சான்று வேண்டும். அந்த சிலிண்டர் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கால் நீட்ட நினைத்த இடம் அதுதான். கேம்பருக்கு பெட்ரோல் வண்டியே நல்லது.

புதுச்சேரி, கேரளா, கர்நாடகா நம்பர் வண்டிகள் விலை குறைவாகத் தெரியும். அங்கிருந்து என்ஓசி வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டினால் அந்தக் குறைவு காணாமல் போகலாம்.

விற்பவர், வாங்குபவர் கையெழுத்திடும் படிவம் 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். ‘பெயர் மாத்துறதை அப்புறம் பாத்துக்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நிலுவை அபராதம், இன்சூரன்ஸ் தேதி, கடன் எல்லாம் பார்த்துவிட்டு, பிறகு வண்டியைப் பார்க்கப் போங்கள்.

பாயைத் தூக்கிப் பாருங்க

இன்ஜினை எந்த மெக்கானிக்கும் சரி பண்ணிடுவார். துருப்பிடித்த தரைத் தகட்டைச் சரி பண்றது செலவு. இந்த வேன்களில் துரு பிடிக்கிற இடங்கள் தெரிந்தவைதான்: தள்ளு கதவு ஓடும் தண்டவாளத்தின் அடி, பின் சக்கரத்தின் மேல் வளைவு, கதவுகளின் கீழ் ஓரம், கூரையின் மழைநீர் வழியும் பள்ளம், தரை ரப்பர் பாய்க்கு அடியில். பாயைத் தூக்கச் சொன்னால் ஓனர் தயங்கினால் அதுவே பதில். கடற்கரை ஊரில் ஓடிய வண்டி என்றால் அடியில் படுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதையும் பாருங்கள். 2015 சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம் என்று நம்மிடம் வரிசையாக இருக்கிறது. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க. கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை இருந்தால், வண்டியைக் கழுவியவர் அதை மட்டும் மறந்திருக்கிறார் என்று அர்த்தம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1420 என்றால் 2020-ம் ஆண்டின் 14-வது வாரம் தயாரானது. ஓடாமல் நின்ற வேனில் பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் கெட்டுப் போயிருக்கும். பாரம் ஏற்றி மலை இறங்கப் போகிற வண்டிக்கு ஆறு வருஷத்துக்கு மேற்பட்ட டயர் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது நீங்கள் மட்டும் போகாமல் மூன்று, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். கிளட்ச் வழுக்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். கேம்பர் எப்போதுமே பாரத்தோடுதான் ஓடும்.

மாற்றலாமா, கூடாதா? சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்சி விவரங்கள் முரண்படும் அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

கூரையை உயர்த்துவது, கூரையில் ஓட்டை போட்டு ஃபேன் வைப்பது, பக்கத் தகட்டை வெட்டி ஜன்னல் வைப்பது, சீட்டுகளை நிரந்தரமாக எடுத்துவிட்டுக் கட்டிலை வெல்டிங் செய்வது எல்லாம் வில்லங்கம். முறைப்படியான மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. கேரவன் கட்டும் நிறுவனங்கள் சான்று வாங்கிச் செய்யும் வேலை அது. தெருமுனைப் பட்டறையில் நடக்காது.

அப்போ வழியே இல்லையா? இருக்கு. வண்டியை மாற்றாதீர்கள், வண்டிக்குள் ஏற்றி இறக்குங்கள். கட்டில், பெட்டி, அடுப்பு, பேட்டரி எல்லாமே பயணம் முடிந்ததும் அரை மணி நேரத்தில் இறக்கி வீட்டுக்குள் வைக்கிற மாதிரி இருந்தால் அது லக்கேஜ். ஸ்க்ரூ, வெல்டிங், வெட்டு எதுவும் வண்டி உடம்பில் படக் கூடாது. சீட்டைக் கழற்றினால்தான் இடம் வரும் என்ற நிலை வந்தால், கழற்றும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆர்சியில் ஐந்து சீட் என்று இருந்து உள்ளே இரண்டுதான் இருந்தால், போலீஸ் பார்க்காவிட்டாலும் விபத்துக்குப் பிறகு வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார்.

கண்ணாடிக்கும் விதி உண்டு. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். திரைச்சீலையை நிறுத்திய பிறகு மாட்டி, கிளம்பும் முன் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று. வெள்ளை போர்டு வேனை கேம்பர் என்று நண்பரின் நண்பருக்கு வாடகைக்கு விடக் கூடாது.

கட்டில் எப்படி அமைப்பது?

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து முன்சீட்டின் முதுகிலிருந்து பின் கதவு வரை அளங்கள். உங்கள் உயரம் அதைவிட அதிகம் என்றால் குறுக்காகப் படுக்க வேண்டும், இல்லையெனில் ஒருவர் மட்டுமே படுக்கலாம். இந்த அளவை எடுக்காமல் மெத்தை வாங்கியவர்கள் நிறைய பேர்.

எளிமையான அமைப்பு இதுதான்: மடித்த சீட்டின் உயரத்துக்குச் சமமாக, கால் மடியும் இரண்டு மேசை. மேலே மூன்று துண்டாக 12 எம்எம் பிளைவுட். அதன்மேல் மடிக்கும் ஃபோம் மெத்தை. கீழே கிடைக்கும் இடத்தில் பாத்திரம், துணிப்பை. மெத்தைக்கு மேல் உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டக் கூடாது. கட்டிலை ஒவ்வொரு அங்குலமும் தாழ்த்தப் பாருங்கள்.

எடைக் கணக்கு முக்கியம். 12 எம்எம் பிளைவுட் ஒரு முழு ஷீட் 20 கிலோவுக்கு மேல் வரும். 18 எம்எம் என்றால் 30-ஐத் தாண்டும். தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோ. ஐந்து சீட் வேனில் இருவர் மட்டும் போனால் மூன்று பேர் எடை, சுமார் 195 கிலோ, உங்களுக்கு மிச்சம். கட்டில், தண்ணீர், பேட்டரி, துணி, சமையல் சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நாலு பேர் குடும்பம் என்றால் இந்தக் கணக்கு தேறாது. கட்டிலை விட்டுவிட்டு டென்ட் எடுத்துப் போவதே புத்திசாலித்தனம். கூரை கேரியரில் கனமான எதையும் ஏற்றாதீர்கள். உயரமும் ஒடுக்கமுமான வேன் இது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது தெரியும்.

பெட்டிகளை ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் திடீர் பிரேக் அடித்தால் கட்டாத பெட்டி நேராக உங்கள் முதுகுக்கு வரும். வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுக்கக் கூடாது, குழந்தைகள் உட்பட.

கரன்ட்டுக்கு என்ன பண்றது?

வண்டியின் சொந்த பேட்டரியிலிருந்து ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டினால் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். தேவையைக் கணக்கிடுங்கள்: 15 வாட் ஃபேன் 8 மணி நேரம், 120 வாட்-ஹவர். எல்இடி விளக்குக்கு 20, போன்களுக்கு 60. ஒரு ராத்திரிக்கு மொத்தம் 200. தனியாக ஒரு சின்ன பவர் ஸ்டேஷன், 300 முதல் 500 வாட்-ஹவர் உள்ளது, போதும். வண்டி வயரைத் தொட வேண்டியதில்லை. ஓடும்போது சார்ஜர் சாக்கெட்டில் ஏற்றிக்கொள்ளலாம். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வேண்டும் என்றால் இந்தக் கணக்கு மூன்று மடங்கைத் தாண்டும். ஐஸ் பாக்ஸ் வாங்கி, வழியில் ஐஸ் நிரப்பிக்கொள்வதில் ஒன்றும் குறைந்துவிடாது.

எலெக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டர், இரண்டாவது பேட்டரி மாட்டத்தான் வேண்டும் என்றால் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும், வயர் தடிமன் சரியாக இருக்க வேண்டும். வேன் தீப்பிடித்து, காரணம் வெளி வயரிங் என்று சர்வேயர் எழுதினால் கிளெய்ம் கேள்விக்குறிதான். சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் லித்தியம் பேட்டரியை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள்.

ராத்திரி தூங்கும்போது கவனிக்க வேண்டியது

2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். அடிதடி இல்லை, காயம் இல்லை. ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததுதான் காரணம் என்று பிறகு தெரியவந்தது. இந்த வாயுவுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமல் போகலாம்.

அதனால் இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்காதீர்கள். ‘கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிட்டா போதும்’ என்பதும் பாதுகாப்பு இல்லை. இந்த வேன்களில் இன்ஜின் உங்கள் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பழைய வண்டியின் சைலன்சர் குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலே போதும். மலையில் குளிருக்காகக் கரி அடுப்பை, கேஸ் ஹீட்டரை உள்ளே வைப்பதும் அதே ஆபத்து. கம்பளி எடுத்துப் போங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடியை இரண்டு விரல் அளவு திறந்து கொசுவலை ஒட்டிவிட்டு, ஃபேன் போட்டுத் தூங்குங்கள். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. மெத்தைக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

சமையல் வேனுக்கு வெளியேதான். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில், உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அது முழு நீள ரயில் பெட்டி. உங்கள் வேனில் ஓடித் தப்பிக்க அந்த இடம்கூட இல்லை. சின்ன கேன் அடுப்பு என்றாலும் தரையில், காற்று மறைவில், வண்டியிலிருந்து தள்ளி. ஒரு கிலோ தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எங்கே நிறுத்தலாம்?

காட்டு எல்லையில், அணைக்கரையில் ராத்திரி தங்க அனுமதி கிடையாது. யானை வழித்தடத்தில் நிறுத்திவிட்டு அப்புறம் வனத்துறை மீது கோபப்பட்டுப் பயனில்லை. பந்திப்பூர் வழியிலும் திம்பம் மலைப்பாதையிலும் இரவு 9 மணி முதல் காலை 6 வரை கார், வேன்களுக்குத் தடை இருப்பதால் புறப்படும் நேரத்தை அதற்கேற்ப வைக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானலுக்கு சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். தங்கும் இடத்தையும் அதில் கேட்பார்கள் என்பதால், வளாகத்துக்குள் வேன் நிறுத்த அனுமதிக்கும் ஒரு லாட்ஜையோ கேம்ப் சைட்டையோ முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நெடுஞ்சாலையில் என்றால் 24 மணி நேர பெட்ரோல் பங்க். டேங்க் நிரப்பிவிட்டு, ‘அண்ணே, ராத்திரி ஓரமா நிறுத்திக்கலாமா?’ என்று மேனேஜரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வெளிச்சம், கழிவறை, கேமரா மூன்றும் அங்கே இருக்கும். டேங்கர் இறக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, முகப்பு வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். சாவி கைக்கெட்டும் தூரத்திலும், டிரைவர் சீட்டில் சாமான் எதுவும் இல்லாமலும் இருக்கட்டும். ராத்திரி அவசரம் என்றால் எழுந்து உடனே கிளம்பிவிடலாம்.

முதல் பயணத்தை ஊருக்கு 50 கிலோமீட்டருக்குள், ஒரே ஒரு ராத்திரியாக வையுங்கள். எந்தச் சாமான் தேவையில்லை, எந்தப் பக்கம் மழை ஒழுகுது, யாருக்குக் கால் நீட்ட இடம் போதலை என்பதெல்லாம் அந்த ஒரு ராத்திரியிலேயே தெரிந்துவிடும். தச்சரை அதற்கு அப்புறம் கூப்பிடுங்கள்.